பட்டறைக் கேள்வி பதில்: கேக்கின் மேல் பூப்போடும் இயந்திரம்

கேக்கின் மேல் க்ரீம் பூ வைக்கும் இயந்திரத்தைப் பற்றி வடசென்னையிலிருந்து மட்டும் இந்த முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. பாலிடெக்னிக்குகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி நடக்கும் காலம் என்பதால் இருக்கலாம். ஐந்தையும் ஒரே இதழில் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளும். மற்றவற்றில் பாதி அதிலேயே அடங்கிவிடும்.

கேள்வி: நாங்கள் டிப்ளமா மெக்கானிக்கல் இறுதியாண்டு மாணவர்கள் நால்வர். கேக்கைச் சுழல்தட்டில் வைத்து, 60 மி.லி. சிரிஞ்சிலிருந்து க்ரீம் பிழிந்து, ஓரத்தைச் சுற்றி 24 பூக்கள் வைக்கும் இயந்திரம் செய்திருக்கிறோம். முதல் வடிவத்தின் சட்டம் பிளைவுட். சிரிஞ்சு பக்கவாட்டில் இருந்தது, 40 செ.மீ. சிலிக்கான் குழாய் வழியாக க்ரீம் நாசிலுக்கு வந்தது. இரண்டாவதை அலுமினியச் சட்டத்தில் செய்து, சிரிஞ்சையும் மோட்டாரையும் நாசிலுக்கு நேர் மேலே வைத்தோம். சுழல்தட்டும் அதை ஓட்டும் ரப்பர் சக்கரமும் இரண்டிலும் ஒன்றே. முதல் இரண்டு மூன்று பூக்கள் மெலிந்து வருகின்றன. பூ முடிந்த பிறகும் க்ரீம் வால்போல் இழுபடுகிறது. 24-ஆவது பூ முதல் பூவோடு முட்டுகிறது. இரண்டாவது வடிவத்தில் புதிதாக, கால் மணி நேரத்துக்குள் க்ரீம் இளகி ஒழுகவும் செய்கிறது. மூன்றாவது வடிவத்தில் எல்லாவற்றையும் மாற்றி, மூன்று கைகள் கொண்ட டெல்டா அமைப்புக்குப் போய்விடலாமா? — வாசகர்கள், வியாசர்பாடி

பதில்: போக வேண்டாம். பிளைவுட்டிலும் அலுமினியத்திலும் ஒரே குறை வருகிறதென்றால், குறை சட்டத்தில் இல்லை என்பதை நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். டெல்டாவின் மூன்று கைகளும் லேசான தலையைத் தூக்கி வேகமாக ஓடுவதற்கென்று அமைந்தவை. உங்கள் மோட்டாரையும் க்ரீம் நிறைந்த சிரிஞ்சையும் அந்தத் தலையில் ஏற்றினால் கைகள் தள்ளாடும்; ஏற்றாமல் பக்கத்தில் வைத்தால், கழற்றி எறிந்த 40 செ.மீ. குழாய் திரும்பி வந்துவிடும்.

முதலில் மெலிந்த பூவையும் வாலையும் பார்ப்போம். அவை இரண்டல்ல, ஒரே குறையின் இரண்டு முனைகள். தீபாவளிக்கு வீட்டில் முறுக்குக் குழலைப் பிழிந்தவர்களுக்கு ஒன்று தெரியும்: அழுத்துவதை நிறுத்தினால் மாவு அந்த இடத்திலேயே நின்றுவிடும். மாவில் காற்று இல்லாததால் கை தள்ளிய அளவுதான் அச்சின் வழியே வரும். அடித்த க்ரீம் அப்படியல்ல. அதில் ஏறத்தாழ பாதி காற்று. பேக்கரிகளில் பயன்படும் தாவரக் கொழுப்பு க்ரீமில் அதற்கும் மேல். 60 மி.லி. சிரிஞ்சை நிறைத்தால் 30 மி.லி. காற்று உள்ளே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக அழுத்தினாலே அந்த 30 மி.லி. 25 ஆகச் சுருங்கிவிடும். அதற்கு எவ்வளவு விசை வேண்டும்? சிரிஞ்சின் உள்விட்டம் 26 மி.மீ. அளவில் இருக்கும், அந்தப் பரப்பின் மேல் ஒரு கிலோ எடையை வைத்தால் போதும். 24 பூக்களுக்குச் சிரிஞ்சு ஒரே நிறைப்பில் போதவேண்டும் என்பதால் உங்கள் பூ ஒன்று சுமார் 2 மி.லி. இருக்கும். ஆக, மோட்டார் தள்ளிய முதல் 5 மி.லி., அதாவது இரண்டரைப் பூக்களுக்கான க்ரீம், வெளியே வராமல் உள்ளே காற்றை அமுக்குவதிலேயே செலவாகிறது. மோட்டார் நின்றதும் அதே 5 மி.லி. விரிந்து வாலாக வெளியே வருகிறது. நீங்கள் பிஸ்டனைத் தள்ளுவதாக நினைத்துக்கொண்டு ஒரு ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

இதற்குச் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. முதல் பூவுக்கு முன் ஒரு கிண்ணத்தில் க்ரீமைச் சீராக வரும்வரை பிழிந்துவிடுங்கள். மெலிவு அதோடு போய்விடும். வாலுக்கு, ஒவ்வொரு பூ முடியும்போதும் பிஸ்டனைச் சற்றுப் பின்னிழுக்க வேண்டும். எவ்வளவு என்று ஒரே எண்ணை நிரலில் எழுதிவைத்தால் ஏமாறுவீர்கள்: சிரிஞ்சு நிறைந்திருக்கும்போது உள்ளே காற்று அதிகம், பாதி தீர்ந்தபோது பாதிதான். ஆகவே பின்னிழுக்கும் அளவும் மிச்சமிருக்கும் க்ரீமுக்குத் தக்கபடி குறைந்துகொண்டே வரவேண்டும். இதைவிட நான் விரும்பும் வழி இன்னொன்று: நாசிலுக்குச் சற்று மேலே இரண்டு அங்குல நீளச் சிலிக்கான் குழாயை வைத்து, பூ முடிந்த கணத்தில் ஒரு சிறு சர்வோ மோட்டார் அதைக் கிள்ளி மூடும்படி செய்வது. க்ரீம் குழாய்க்குள்ளேயே இருப்பதால் கிள்ளும் பாகத்தில் படாது, கழுவுவதும் எளிது. மூடியதும் நாசில் சட்டென்று மேலே எழும்ப வேண்டும். ஜாங்கிரி பிழிபவர் துணியைக் கடைசியில் ஒரு சொடுக்குச் சொடுக்கித் தூக்குகிறாரே, அந்த அசைவு.

அடுத்தது முட்டிக்கொள்ளும் பூ. ரப்பர் சக்கரம் தட்டின் விளிம்பை உராய்ந்து ஓட்டுகிறது. நீங்கள் தட்டின் விட்டம் 300 மி.மீ. என்று கணக்கிட்டிருப்பீர்கள், கையால் அறுத்த பிளைவுட் தட்டு 298.5 மி.மீ. இருந்தாலே அரை சதவீதம் பிழை. பூக்கள் நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி வருமானால் அந்த வட்டத்தின் சுற்றளவு 628 மி.மீ.; அதில் அரை சதவீதம் ஏறத்தாழ 3 மி.மீ. தட்டு சிறியதென்றால் கட்டளையிட்டதைவிடக் கொஞ்சம் அதிகம் சுற்றும். கடைசிப் பூ முதல் பூவின் மேல் போய் முட்டும். உங்கள் குறையின் திசையும் இதற்குப் பொருந்துகிறது.

ஆனால் நம்பிவிடாதீர்கள், சோதியுங்கள். தட்டிலும் சட்டத்திலும் நேருக்கு நேர் சாக்பீஸால் கோடு போட்டு, சரியாக ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். விலகலை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பத்து முறை இப்படிச் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் விலகல் ஒரே அளவு கூடினால் அது விட்டத்தின் பிழை. நிரலில் ஓர் எண்ணை மாற்றினால் தீர்ந்தது. ஒரு முறை 2, ஒரு முறை 5, ஒரு முறை 1 என்று வந்தால் சக்கரம் வழுக்குகிறது. அதற்கு எந்த எண்ணும் மருந்தல்ல, பல்லுள்ள பெல்ட்டுக்கு மாறுங்கள். மோட்டாரில் 20 பல் புல்லி, தட்டின் அடியில் 120 பல் புல்லி என்றால், ஒரு சுற்றை 200 சிறு அடிகளாக (ஸ்டெப்) எடுத்துவைத்து, ஒவ்வோர் அடியையும் 16-ஆகப் பிரிக்கும் வழக்கமான ஸ்டெப்பர் மோட்டாருக்குத் தட்டின் ஒரு சுற்று 19,200 நுண்ணடிகள். 24 பூக்களுக்குப் பங்கிட்டால் மிச்சமில்லாமல் 800.

இளகும் க்ரீம் உங்கள் இரண்டாவது வடிவமே பெற்ற பிள்ளை. குழாயை நீக்கியது சரியான முடிவு. ஆனால் மோட்டாரும் சிரிஞ்சும் ஒரே அலுமினியத் தட்டில் உட்கார்ந்துவிட்டன. ஸ்டெப்பர் மோட்டார் சும்மா நிற்கும்போதும் மின்னோட்டத்தை இழுத்துக்கொண்டேயிருக்கும். அதன் உடல் 60 டிகிரியை எளிதாகத் தொடும். அலுமினியம் அந்தச் சூட்டை அப்படியே சிரிஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும் பொருள். மோட்டாருக்கும் தட்டுக்கும் நடுவே சூட்டை எளிதில் கடத்தாத 10 மி.மீ. ஹைலம் அட்டைத் துண்டை வைத்து நீளமான போல்ட்டால் பிடியுங்கள். ஓட்டாத நேரத்தில் மோட்டாரின் மின்னோட்டத்தைக் குறையுங்கள். ஒரு மாலை வேலைதான். ஆகவே இதிலிருந்தே தொடங்குங்கள்.

ஒரு மாற்றம், ஒரு சோதனை. பிறகே அடுத்த மாற்றம். சோதனைக்குக் கேக் வேண்டாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து, பட்டர் பேப்பர் விரித்து, 24 பூக்களை வைத்து, ஒவ்வொன்றையும் வெட்டியெடுத்து நிறுத்துப் பாருங்கள். ஒரு பூ ஒரு கிராம் அளவில்தான் இருக்கும் என்பதால் சமையலறைத் தராசு உதவாது. நகைக்கடையில் இருப்பதுபோல் 0.01 கிராம் காட்டும் சிறு தராசு வேண்டும். வனஸ்பதியில் சர்க்கரைப் பொடி சேர்த்து அடித்தால் மலிவான சோதனை க்ரீம் கிடைக்கும். வழித்துத் திரும்ப அடித்துக்கொள்ளலாம். மூன்றாவது வடிவத்தின் எடைப் பட்டியலை இரண்டாவதன் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினால், தேர்வாளரிடம் வேறு விளக்கம் தேவைப்படாது.

நான் பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தபோது, துளை விழவேண்டிய இடத்தைக் காட்டும் ஜிக் என்ற சாதனம் ஒன்று 0.3 மி.மீ. விலகியே துளை போட்டது. இரண்டு முறை புதிதாக வரைந்து இரண்டு முறை புதிதாகச் செய்தேன். மூன்றாம் முறை மேசையைத் துடைத்த உதவியாளர், ஜிக் உட்காரும் இடத்தில் அமுங்கிக் கிடந்த ஓர் இரும்புச் சுருளை எடுத்துக் காட்டினார்.

கேள்வி: கல்லூரியில் செய்த கேக் அலங்கார இயந்திரத்தை என் மகன் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறான். நாசிலும் க்ரீம் நிறைக்கும் குழலும் 3டி பிரிண்டரில் அச்சிட்டவை. வீட்டிலிருந்தபடி கேக் செய்து விற்கும் நான் இதைப் பயன்படுத்தலாமா? — வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: க்ரீம் படும் பாகங்களை மட்டும் மாற்றிவிட்டுப் பயன்படுத்துங்கள், அம்மா. அச்சிட்ட பாகத்தின் மேல் நகத்தால் கீறிப் பாருங்கள். கிராமபோன் தட்டில் இருப்பதுபோல் வரிவரியாக இருக்கும். அடுக்கடுக்காக உருக்கி ஊற்றிச் செய்வதால் வரும் வரிகள் அவை. சர்க்கரையும் கொழுப்பும் அந்த வரிகளுக்குள் தங்கினால் எந்தத் தேய்ப்பானும் முழுதாக எடுக்காது; கிருமிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. வெந்நீரில் போட்டுக் கொதிக்கவைக்கலாம் என்றால், வழக்கமாக அச்சிடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி அளவிலேயே இளகி வடிவம் மாறிவிடும். பிளாஸ்டிக் உணவுத் தரமுடையது என்று டப்பாவில் எழுதியிருந்தாலும் இந்த வரிகள் அப்படியே இருக்கும்.

நாசிலுக்கு நீங்கள் கையால் பிழியப் பயன்படுத்தும் எவர்சில்வர் நாசிலையே வைக்கச் சொல்லுங்கள். அதைப் பிடிக்கும் வளையம் வேண்டுமானால் அச்சிட்டதாக இருக்கட்டும். பித்தளை நாசில் பளபளவென்று அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். கடைவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பித்தளையில் ஈயம் கலப்பதுண்டு. இன்னொன்றையும் மகனிடம் கேளுங்கள்: திருகுத் தண்டுக்கு என்ன கிரீஸ் போட்டிருக்கிறான், அந்தத் தண்டு கேக்கின் நேர் மேலே இருக்கிறதா? இருந்தால், தண்டுக்குக் கீழே ஒரு தகட்டுத் தட்டு கட்டாயம். க்ரீம் படும் பாகம் எதையும் ஸ்பானர் இல்லாமல் கையாலேயே கழற்ற முடியவேண்டும். இரவு பத்து மணிக்குக் கடைசி ஆர்டரை முடித்தவர் ஸ்பானரைத் தேடமாட்டார்; மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த மாதிரி இயந்திரங்களுக்குப் பிஸ்டன் கடைய மாணவர்கள் கொண்டுவரும் வரைபடங்களில் எல்லா அளவுக்கும் கூட்டல் கழித்தல் 0.01 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அதற்குரிய கூலியைச் சொன்னால் முகம் சுருங்குகிறது. க்ரீமைத் தள்ள இவ்வளவு துல்லியம் தேவைதானா? — வாசகர், இராயபுரம்

பதில்: தேவையில்லை. வரைபட மென்பொருளில் ஒரு முறை பதிந்துவிட்ட எண் எல்லா அளவுக்கும் தானாக ஏறிக்கொள்கிறது; அதன் விலை என்னவென்று மாணவர்களுக்கு உங்கள் பட்டறை வாசலில்தான் தெரிகிறது. க்ரீம் பின்பக்கம் கசியாமல் தடுப்பது பிஸ்டன் அல்ல, அதைச் சுற்றி மாட்டும் ரப்பர் வளையமான ஓரிங். 50 மி.மீ. உள்விட்டக் குழாய்க்குப் பிஸ்டனை 49.4 என்று கடைந்தால் போதும். கவனம் வேண்டிய ஒரே இடம் ஓரிங் உட்காரும் பள்ளமான காடி: 3 மி.மீ. தடிப்புள்ள ஓரிங்குக்கு, அது கொஞ்சம் அமுங்கி உட்காரும்படி ஆழம் இருக்கவேண்டும். அந்த ஆழத்தில் 0.05 மி.மீ. வரை விட்டுக்கொடுக்கலாம். பிஸ்டனின் நீளம் விட்டத்துக்குக் குறையாமல் இருந்தால் சாய்ந்து சிக்காது.

துல்லியத்தைவிடக் குழாய்தான் அவர்களைக் கெடுக்கும். செம்புதாஸ் தெருவில் வாங்கிவரும் எவர்சில்வர் குழாய் பெரும்பாலும் தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்தது. உள்ளே விரலை விட்டு நெடுகத் தடவினால் மூட்டுக் கோடு ஒரு முகடுபோல் தட்டுப்படும். அந்த முகடு ஓரிங்கைச் சில நாட்களில் அறுத்துவிடும். மூட்டில்லாத குழாய் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், அல்லது உள்ளே தேய்த்துக் கொடுத்து அதற்கும் கூலி வாங்குங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தையும் உங்கள் சார்பாகச் சொல்லிவிடுகிறேன்: அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கிறது என்று 26 மி.மீ. சிரிஞ்சிலிருந்து 50 மி.மீ. குழாய்க்குத் தாவுகிறீர்கள். பரப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது, ஆகவே தள்ளும் விசையும் அவ்வளவு கூடும். முன்பு பிஸ்டன் ஒரு மி.மீ. நகர்ந்தால் வந்தது அரை மி.லி.; இனி அதே ஒரு மி.மீ.க்கு இரண்டு மி.லி., அதாவது ஒரு முழுப் பூ. திருகில் இருக்கும் சிறு ஆட்டமும் இனிப் பூவில் தெரியும்.

கேள்வி: எங்கள் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. நாசில் தலை அப்படியே கீழிறங்கிக் கேக்கைக் குத்திவிட்டது. பேட்டரி வைக்க வேண்டுமா? — வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம், திருகுத் தண்டை மாற்றுங்கள். 8 மி.மீ. விட்டமுள்ள டி8 தண்டுகளில் ஒரு சுற்றுக்கு 8 மி.மீ. நகர்வதும் உண்டு, 2 மி.மீ. நகர்வதும் உண்டு. முன்னதன் மரை செங்குத்தாகச் சரிந்திருப்பதால் மோட்டார் பிடியை விட்டதும் எடையே தண்டைச் சுழற்றிக்கொண்டு இறங்கிவிடும். பின்னதில் உராய்வே பிடித்து நிறுத்திவிடும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சட்டென்று தெரியாது, வரிகளின் இடைவெளி இரண்டிலும் 2 மி.மீ.தான். தண்டின் முனையைத் திருப்பிப் பாருங்கள்: நான்கு மரைகள் தொடங்கினால் அது 8 மி.மீ., ஒன்றே தொடங்கினால் 2 மி.மீ. வேகம் கால்வாசியாகக் குறையும். நிமிடத்துக்கு 300 சுற்றில் நொடிக்கு ஒரு செ.மீ. எழும்பும், பூவிலிருந்து நாசிலை எடுக்க அது போதும்.

கேள்வி: மே மாதக் கண்காட்சியில், ஏ.சி. இல்லாத அரங்கில் எங்கள் இயந்திரத்தை இயக்கிக் காட்டவேண்டும். க்ரீம் நிற்குமா? — வாசகர்கள், திருவொற்றியூர்

பதில்: அக்னி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் நாளில் வெண்ணெய் க்ரீம் நிற்காது, அன்று வனஸ்பதி க்ரீமைப் பயன்படுத்துங்கள். ஒரே பெரிய சிரிஞ்சுக்குப் பதில் நான்கு சிறிய சிரிஞ்சுகளை நிறைத்து ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒன்றைக் கழற்றி மற்றொன்றை மாட்ட ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது. ஆகிறதென்றால், கண்காட்சிக்கு முன் நீங்கள் திருத்த வேண்டிய பாகம் அந்தக் கிளாம்ப்தான். மின்விசிறியை நாசில் தலைக்கு நேராக வைக்காதீர்கள், அனல்காற்று சிரிஞ்சைச் சீக்கிரம் சூடாக்கிவிடும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சிரிஞ்சின் வெளிப்பக்கம் இரண்டே நிமிடத்தில் வியர்த்து, துளி உருண்டு நாசில் வழியாகக் கேக்கில் விழும். நாசிலுக்கு மேலே சிரிஞ்சைச் சுற்றி ஒரு பருத்தித் துணிப் பட்டையைக் கட்டி, சிரிஞ்சை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றுங்கள்.